எழுதிக் கேட்டால் மட்டும்

4 மார்ச் 2024, திங்கள்

இன்று ரத்தம் எடுக்கும் நாள். காலை ஏழரைக்கே டாக்டரோடு வேன் வந்துவிட்டது. சீனியர் என்பதால் வரிசையைப் பார்த்துக்கொள்வது நான்; முப்பத்தொரு பேரை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். போன வருடத்தைவிட இருபது நிமிடம் குறைவு. உலைப் பக்கம் வேலை செய்பவர்களை முதலில் அனுப்பினால் உலை ஆறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். இது நானே யோசித்துக் கண்டுபிடித்த வழி. மேனேஜர் விஜயன் சார் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பழைய கார் பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனி என்பதால் வருடா வருடம் இந்தச் சோதனை. எனக்கு இது பதினோராவது. ஊசி, பஞ்சு, ஒரு கையெழுத்து, ஒரு பாக்கெட் பிஸ்கட். எல்லாரும் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் போட்டார்கள். குரு மட்டும் நின்று வாசிக்க ஆரம்பித்தான். சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது, எதையும் வாசிக்காமல் விடமாட்டான். "போடுலா, பின்னால லைன் நிக்குது" என்றேன். போட்டான். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். முப்பது தாளிலும் சாட்சி நான்தான். என் தாளுக்கு மட்டும் விஜயன் சார்.

வேலை முடிந்து ரவாங்கில் நான்கு மணிக்கு ரயில் ஏறினேன். செந்தூல் வீட்டுக்கு ரயில் மாறும் இடம் வரும்வரை தூங்கிவிட்டேன்.

6 மார்ச்

மறுபடி வயிற்று வலி. முறுக்கிப் பிழிகிற மாதிரி. ஈனோ குடித்தேன்.

22 மார்ச், வெள்ளி

நோட்டீஸ் போர்டில் ஒரே ஒரு வரி: இவ்வருடப் பரிசோதனை முடிந்தது, அனைவரும் வேலைக்குத் தகுதி. வழக்கம்போல்தான்.

குருவுக்கு அது போதவில்லை. தன்னுடைய தாளைப் பார்க்க வேண்டுமாம். ஆபீஸ் கிளார்க் உஷாராணியிடம் போய் நின்றான். நானும் கூடப் போக வேண்டியதாயிற்று. அவள் கோபப்படவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ரத்தம் உங்களோடது தம்பி. ரிப்போர்ட் கம்பெனியோடது. கம்பெனிதானே டெஸ்ட்டுக்குக் கட்டுது."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. வெளியே வந்ததும் குருவைத் திட்டினேன். பாஸ் என்று போட்டிருக்கிறது, அதற்கு மேல் என்ன வேண்டும் உனக்கு என்றேன். அவன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உலைக்குப் போனான்.

26 மார்ச்

பத்து நாளாக வாயில் ஒரு ருசி. பழைய சில்லறைக் காசை நாக்கின் அடியில் வைத்திருப்பது போல, கொஞ்சம் இனிப்பு. பல் தேய்த்தாலும் போகவில்லை. இன்று என் மனைவி புஷ்பவல்லி வைத்த மீன் குழம்பை வாயில் வைத்ததும் குமட்டியது. ஈயச் சட்டியிலா வைத்தாய் என்று கத்தினேன். தட்டைத் தள்ளிவிட்டேன்.

அவள் தட்டைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். விரல் ஆடிக்கொண்டிருந்தது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

30 மார்ச், சனி

புஷ்பவல்லி பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். அதற்கு மேல்மாடியில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் லத்தீஃபா அவளிடம்தான் புடவை எடுப்பாராம். இன்று இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்க்கும் முன்பே என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். ஈறைத் தூக்கிப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார்.

கம்பெனியில் ரத்தம் எடுக்கிறார்களா என்றார். வருடா வருடம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. போன வருடம் எவ்வளவு என்றார். நார்மல் என்றேன்.

"நார்மல் ஒரு நம்பர் இல்ல அங்கிள். நம்பர் என்ன?"

தெரியவில்லை. பதினொரு வருடம் ரத்தம் கொடுத்திருக்கிறேன். ஒரு நம்பர்கூட எனக்குத் தெரியவில்லை. அந்தச் சின்னப் பெண்ணின் முன்னால் வெட்கமாக இருந்தது.

6 ஏப்ரல், சனி

அறுபத்தொன்று.

தாளை டாக்டர் என் கையில் கொடுத்தார். என் பெயர், அடையாள அட்டை எண், தேதி, அதன் கீழே அந்த எண். பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு H. ஹை என்று அர்த்தம். ஈயம் தொடாத மனிதருக்கு ஐந்தைத் தாண்டாதாம். இந்த அளவு ஒரே வாரத்தில் ஏறுவதில்லை, வருடக்கணக்கில் ஏறியிருக்கும், கம்பெனி எடுத்த ரத்தத்திலும் இது தெரிந்திருக்க வேண்டும் என்றார். வயிற்று வலி, ருசி, கை ஆட்டம், கோபம், எல்லாம் இதுதான். எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிடுமாம். உலைப் பக்கமே போகக்கூடாது என்று ஒரு மாத மருத்துவ விடுப்புக்கு எம்.சி. எழுதி, அரசாங்க மருத்துவமனைக்கும் கடிதம் கொடுத்தார்.

கோபம்கூடவா? புஷ்பவல்லி என்னைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை வருடக் கோபம்.

பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் கேளுங்கள், வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை என்றார். கடிதத்தை அவரே டைப் செய்து கொடுத்தார். ஐந்து வரி.

9 ஏப்ரல்

குளிக்கும்போது தோலைத் தேய் தேய் என்று தேய்த்தேன். என்னவோ தோலுக்கு வெளியேதான் இருக்கிற மாதிரி.

18 ஏப்ரல், வியாழன்

கடிதத்தை உஷாராணியிடம் கொடுத்தேன். வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள். "நீங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வந்த தேதி போட்டு முத்திரை குத்தி நகல் கொடுத்தாள்.

அரை மணியில் விஜயன் சார் கூப்பிட்டார். எதிரில் உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னது இதுவே முதல் தடவை. உடம்பைப் பற்றி ரொம்ப அக்கறையாக விசாரித்தார். தெ தாரிக் டீ வரவழைத்தார். ஸ்டோரில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, குளுகுளு ஏர்கோன் ரூம், சம்பளத்தில் ஒரு காசு குறையாது, எம்.சி. முடிந்ததும் அங்கே வந்துவிடு என்றார். "நம்ம ஆளு நீ. ஒனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? இந்த லெட்டர் எல்லாம் வேணாம்."

மற்றவர்கள் என்று ஆரம்பித்தேன். மற்றவர்கள் யாரும் கேட்கவில்லையே என்றார். சிரித்துக்கொண்டே.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உள்ளதை எழுதுகிறேன் — அந்த ஏர்கோன் ரூமை நினைத்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரயில் ஏறும்வரை இருந்தது. குவாங் ஸ்டேஷன் தாண்டியதும்தான் உறைத்தது. ஸ்டோர் காலியாக இருந்தது இன்றைக்கா? ஒரு ஆளை அங்கே மாற்ற வேண்டும் என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்ததா? டீயின் ருசி வாயிலேயே நின்றது. ஸ்டேஷனில் இறங்கித் துப்பினேன்.

கடிதத்தைத் திரும்ப வாங்கவில்லை.

24 ஏப்ரல்

பதில் இல்லை. உஷாராணிக்கு வாட்ஸ்அப் செய்தேன். "ப்ராசஸ்ல இருக்கு அண்ணே."

29 ஏப்ரல், திங்கள்

பழுப்பு உறை ஒன்றை உஷாராணி கேட் காவலரிடம் கொடுத்து வைத்திருந்தாள். வீட்டில் கொண்டுவந்து மேசைமேல் பரப்பினேன்.

2014-இல் இருபத்திரண்டு. அப்புறம் ஒவ்வொரு வருடமும் ஏறியிருக்கிறது, ஒரு வருடம்கூட இறங்கவில்லை. 2019-இல் ஐம்பத்திரண்டு. அந்த வருடத் தாளில் வேன் டாக்டர் தன் கையால் எழுதியிருக்கிறார்: உலைப் பிரிவிலிருந்து உடனே மாற்றவும், ஒரு மாதத்தில் மறு பரிசோதனை, ஊழியரிடம் விளக்கிச் சொல்லவும். அதற்கு அடுத்த ஐந்து வருடமும் அதே வாசகம்தான் இருக்கிறது.

ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு கட்டம். 'முடிவு எனக்கு விளக்கப்பட்டது. மாற்று வேலையை ஏற்கிறேன். மாற்று வேலை வேண்டாம்.' வேண்டாம் என்பதில் டிக். அதன் கீழே கையெழுத்து.

என் கையெழுத்து. என்னுடையதுதான். ரத்தம் எடுத்த அன்று போட்டது. முடிவே வராத அன்று போட்ட கையெழுத்துக்கு மேலே, முடிவு வந்த பிறகு எவனோ டிக் போட்டிருக்கான். நீல மையில் என் கையெழுத்து, கறுப்பு மையில் டிக். அதைக்கூட மறைக்க நினைக்கல. யார் பார்க்கப் போறான்னு தெனாவட்டு. சாட்சி, விஜயன்.

தட்டிக் குடுத்தானே தோள்ல. ஒவ்வொரு வருஷமும் தட்டிக் குடுத்தான். சட்டையைக் கழற்றி எறிஞ்சிடலாம் போல இருக்கு.

புஷ்பவல்லி எல்லாத் தாளையும் தேதி வரிசையில் அடுக்கினாள். 2019-ஐ எடுத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம்தான் ஒரு சின்ன விஷயத்துக்கு அவளைக் கை நீட்டி அடித்தேன். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. ஈயம்தான் அடித்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. அந்த ஆசையும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

30 ஏப்ரல்

முப்பது தாளில் சாட்சி நான்.

3 மே, வெள்ளி

ரவாங் ஸ்டேஷன் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் குருவைப் பார்த்தேன். உறையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். சாட்சிக் கையெழுத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லத்தான் போனேன். கடித மாதிரியைக் கொடுத்தேன். அங்கேயே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

வேலைச் சட்டையை எங்கே துவைக்கிறாய் என்று கேட்டேன். வீட்டில்தான் என்றான். மனைவி, பிள்ளை துணியோடு சேர்த்து ஒரே மெஷினில். பிள்ளை பெயர் தாமரை, இரண்டரை வயது. இவன் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் ஓடிவந்து சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளுமாம். சிரித்துக்கொண்டே சொன்னான். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

சட்டைத் தூசியிலும் ஈயம் இருக்கும், பிள்ளையையும் டாக்டர் லத்தீஃபாவிடம் கூட்டிவா என்றேன்.

14 மே, செவ்வாய்

குருவுக்கு உறை வந்துவிட்டது. மூன்று வருடத்தில் நாற்பத்தேழு. மாற்று வேலை வேண்டாம் என்பதில் டிக். சாட்சி, திருச்செல்வம், அதாவது நான்.

நேரில் வரவில்லை. போனில் பேசினான். சத்தம் போடவில்லை. "அண்ணே, அன்னைக்கு நான் படிச்சிட்டு இருந்தேன். நீங்கதான் போடச் சொன்னீங்க."

ஆமா என்றேன். எனக்கும் தெரியாது, நானும் வாசிக்கவில்லை, நானும் ஏமாந்தேன் — இதெல்லாம் வாய்வரை வந்தது. உண்மைதான் எல்லாம். ஆனால் விஜயன் கேட்டாலும் இதையேதான் சொல்லுவான்.

20 மே, திங்கள்

தாமரைக்குப் பதினான்கு. பெரியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. இரண்டரை வயதுக்கு அப்படியில்லை என்று டாக்டர் சொன்னார். இன்னும் வாக்கியமாகப் பேச வரவில்லை. அதற்கு இதுதான் காரணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். வீட்டைத் துடைத்து, துணியை மாற்றி, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

குருவின் மனைவியும் வந்திருந்தாள். ரிப்போர்ட்டை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கிளினிக் வாசலில் பிள்ளை என்னைப் பார்த்துக் கையாட்டியது. குரு அதன் கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

அத்தோடு அவன் என்னிடம் பேசுவதில்லை.

6 ஜூன், வியாழன்

எம்.சி.யை நீட்டித்திருக்கிறார்கள். முப்பது கடிதம் அச்சடித்து எடுத்துக்கொண்டு இன்று தொழிலாளர் ஹோஸ்டலுக்குப் போனேன். எல்லாருக்கும் என் உறையைக் காட்டினேன். இந்தத் தடவை முதலிலேயே சொன்னேன்: உங்கள் தாளில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது, நான் வாசிக்காமல் போட்டேன்.

ஒருத்தன் எழுந்து போய்விட்டான். வங்காளதேசத்து ஷஃபிக்குல் தன் வேலைப் பெர்மிட்டை நினைத்துப் பயந்தான். அடுத்த வருடம் புதுப்பிக்க மாட்டார்களே என்றான். நான் ஒன்றும் உறுதி சொல்ல முடியாது என்றேன். இன்னொருவர், எனக்கு மூத்தவர், தெரிந்து என்ன ஆகப்போகிறது, தெரியாமலே போய்ச் சேர்கிறேன் என்றார்.

ஷஃபிக்குல் மலாய் மொழியில் ஒவ்வொரு வரியாக என்னை வாசிக்க வைத்தான். இரண்டு முறை வாசித்தேன். கடைசியில் போட்டான். மொத்தம் பதினேழு பேர்.

7 ஜூன்

பதினேழையும் உஷாராணியின் மேசையில் வைத்தேன். முத்திரை குத்திக்கொண்டே இருந்தாள். உனக்கு எல்லாம் தெரியுமா என்று கேட்டேன். ஃபைலில் போடுவது அவள் வேலை, டிக் போடுவது இல்லை என்றாள். அப்புறம் குனிந்தபடியே: "எழுதிக் கேட்டா குடுக்கணும்னு ரூல் இருக்குண்ணே. பதினொரு வருஷமா யாரும் எழுதிக் கேக்கல. வாயால கேட்டா தரக்கூடாதுன்னு எனக்கு ஆர்டர்."

திட்ட நினைத்தேன். ஆனால் 2019 டாக்டர் குறிப்பை அவள் என் உறையிலிருந்து எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நல்லவளா, கெட்டவளா? எனக்கு வேண்டாம் அந்தக் கணக்கு.

13 ஜூன், வியாழன்

வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசாங்க அலுவலகத்தில் என் ஃபைலையும் குருவுடைய நகலையும் கொடுத்தேன். குருவின் மனைவி நகலை புஷ்பவல்லியின் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதிகாரி இளம் பெண். இரண்டு மையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உங்கள் சாட்சிக் கையெழுத்தைப் பற்றியும் வாக்குமூலம் கொடுக்க வேண்டும், அது உங்களுக்கு எதிராகவும் போகலாம் என்றாள். கொடுத்தேன். ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துவிட்டுத்தான் போட்டேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

9 ஜூலை, செவ்வாய்

அதிகாரிகள் இரண்டாவது முறையாக வந்தார்கள். உலையை நிறுத்தி முத்திரை வைத்துவிட்டார்கள். பதினேழு பேரில் பன்னிரண்டு பேருக்கு நாற்பதுக்கு மேல்.

விஜயன் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அதிகாரிகளிடம் சொன்னான்: "இவருதான் எங்க சீனியர். பிரச்சினைய மொதல்ல எங்களுக்கு எடுத்துச் சொன்னதே இவருதான்." எங்களுக்காம். கையை இழுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதற்குள் ஒருவன் படம் எடுத்துவிட்டான். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். அவன் உள்ளங்கை வெதுவெதுப்பாக, மெத்தென்று இருந்தது. அதுதான் போகவே மாட்டேன் என்கிறது.

25 ஆகஸ்ட், ஞாயிறு

உலை மூடியிருப்பதால் ஓவர்டைம் இல்லை. பாதிப் பேர் என்னைக் கண்டால் முகம் திருப்புகிறார்கள். நியாயம்தான், என்னைத் தியாகியாக நினைத்து வருத்தப்படவும் இல்லை. ஷஃபிக்குல் மட்டும் போன வாரம் தன் இரண்டாவது ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினான். எண்ணைச் சொல்லாமல், இறங்கியிருக்கா பாருங்கள் என்றான். இறங்கியிருந்தது.

குரு ராஜினாமா செய்துவிட்டான். காப்பாரில் மாமனார் வீட்டுப் பக்கம் ஏதோ லோரி வேலையாம். யாரோ சொல்லித்தான் தெரியும்.

விஜயனை ஜொகூர் கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். தண்டனை இல்லை, மாற்றம். கேஸ் நடக்கிறது என்கிறார்கள். என் வாக்குமூலமும் அதில் இருக்கிறது. என்ன ஆகுமோ தெரியாது.

22 செப்டம்பர்

புஷ்பவல்லியிடம் 2019-ஐப் பற்றிப் பேசினேன். ஈயம் என்ற சொல்லைச் சொல்லாமல் பேசினேன். அவள் பருப்புக் களைந்துகொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள். அப்புறம், "சொல்லுவீங்களான்னு பாத்தேன்" என்றாள்.

17 நவம்பர், ஞாயிறு

காலையில் அரசாங்க மருத்துவமனை ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்று. எலும்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியே வருமாம், வருடங்கள் ஆகுமாம்.

பத்தரை மணிக்குப் போனில் ஒரு படம் வந்தது. குரு. ஆறு மாதமாக ஒரு எழுத்து அனுப்பாதவன். ஒரு ரிப்போர்ட்டைத் தரையில் விரித்து வைத்து எடுத்திருந்தான், ஓரத்தில் அவனுடைய கட்டை விரல். பெயர், தாமரை. எண், ஏழு.

கீழே ஒரு வார்த்தையும் இல்லை. இருக்கும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். இல்லை. அது மன்னிப்பு இல்லை, எனக்குத் தெரியும். பதிலுக்கு என்ன எழுதுவது என்று நான்கைந்து தடவை எழுதி அழித்தேன். எதை எழுதினாலும் எனக்காகவே எழுதுகிற மாதிரி இருந்தது.

என் ரிப்போர்ட்டை மேசைமேல் விரித்துப் படம் எடுத்து அனுப்பினேன். அனுப்பியதும் பார்த்துவிட்டான். பத்து நிமிடம் கழித்து ஒரு கேள்வி வந்தது: "அடுத்த டெஸ்ட் எப்போ?"

பிப்ரவரியில் என்று எழுதினேன்.